சபையில் வைத்த கால்

கொக்கரக்கோ!

அரசவைக்குள் சேவல் கூவியது. சேவலைத்தான் காணோம். காவலர்கள் தூண்களைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மன்னர் திரைகொண்டான் கிரீடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிம்மாசனத்துக்கு அடியிலேயே குனிந்து பார்த்துவிட்டார்.

“தேட வேண்டாம், மன்னா,” என்றான் விதூஷகன் நகைமுத்து. கையில் ஒயர்ச் சுருள். “சேவல் ஆமைத்திட்டுத் தீவில் கூவுகிறது. யாரோ மைக்கை அணைக்க மறந்துவிட்டார்கள்.”

அந்த நாட்டில் வாய்க்கால் வெட்டத்தான் நேரம் கூடி வரவில்லை. இணையம் எப்படியோ வந்து சேர்ந்திருந்தது. அன்றைக்குக் கலங்கரை விளக்கக் காவலர் சங்கத்தின் பொதுக்கூட்டம். சுவரில் வெள்ளை வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தான் நகைமுத்து. கருவியைத் தட்டினான். வேட்டி முழுக்கக் கட்டம் கட்டமாக முகங்கள்! ஒருவருக்கு நெற்றி மட்டும் தெரிந்தது. இன்னொருவருக்கு மூக்குத் துவாரம் மட்டும்.

“கேக்குதா? நான் பேசுறது கேக்குதுங்களா?”

“கேக்குதுய்யா, நீ பேசு!”

“நீங்க பேசுறது கேக்கலை!”

மன்னருக்கு ஒரே குஷி. எல்லாரையும் பார்த்துக் கையாட்டினார்.

இத்தனை வருஷமாக இந்தக் காவலர்கள் யாரும் கூட்டத்துக்கு வந்ததில்லை. வந்தால் விளக்கை யார் ஏற்றுவது? அதனால் விளக்கே ஏற்றியறியாத தலைநகர் உறுப்பினர்கள் சிலர்தான் கை தூக்கி எல்லாவற்றையும் முடிவு செய்தார்கள். அத்தனை பேரும் அமைச்சர் கொற்றங்குடியாருக்கு மச்சான்கள். இன்றும் முன்வரிசையில் வரிசையாகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அமைச்சர் எழுந்தார். காதில் வைத்திருந்த போனை எடுக்க மனமில்லாமல் எடுத்தார். “தீர்மானம் இதுதான், மன்னா. இனி ஒருநாள் விட்டு ஒருநாள் விளக்கு ஏற்றினால் போதும். மிச்சமாகும் எண்ணெயில் அரண்மனைக்குத் தினமும் வடை சுடலாம்.”

‘வடை’ என்றதும் மச்சான்கள் விழித்துக்கொண்டார்கள்.

வேட்டியில் ஒரு பெண் விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியைக் கீழே வைத்தாள். ஆமைத்திட்டுக் கடலாயி. “மகாராசா, இன்னைக்கு விளக்கு இல்லேன்னு கப்பலுக்கு யாரு சொல்றது? போன ஐப்பசியில மழையில ஒருநா எங்க விளக்கு அவிஞ்சுபோச்சு. அன்னைக்குத்தான் எங்க வீட்டுக்காரர் படகு பாறையில மோதிச்சு.”

நகைமுத்துவின் வாயில் இருந்த வேடிக்கைப் பேச்சு உள்ளேயே நின்றுவிட்டது.

“பேசட்டும், கேட்டுக்கொள்ளலாம்,” என்றார் கொற்றங்குடியார். “வாக்கு மட்டும் கிடையாது. சங்கத்தின் விதி என்ன? ‘சபையில் கால் வைத்தவருக்கே வாக்கு.’ வேட்டியில் முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது, சேவல்கூட இருக்கிறது. கால் எங்கே?”

மன்னர் தலையைச் சொறிந்தார். “என் முன்னோர் போட்ட விதி, நகைமுத்து. நான் மீற முடியாது. இவர்கள் கால் சபைக்குள் இருக்கிறது என்று அமைச்சர் வாயால் வரவழை. வாக்கு உண்டு.”

இதைக் கேட்ட ஒரு கிழக் காவலர் அவசரப்பட்டுவிட்டார். “கால்தானே? இந்தா பாருங்க!” என்று தூக்கிக் காட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள். வேட்டி முழுக்கப் பாதங்கள்!

“மன்னரை நோக்கிக் காலை நீட்டுவதா!” என்று அலறினார் அமைச்சர்.

“இறக்கச் சொல்லுடா!” மன்னர் கண்ணைப் பொத்திக்கொண்டார். “அந்தக் கட்டைவிரலைப் பார்த்தபின் எனக்கு எப்படிடா சோறு இறங்கும்?”

“அது வெறும் படம், மன்னா. படம் வாக்குப் போடுமா? இங்கிருப்பவர்கள் கை தூக்கட்டும்!” என்றார் அமைச்சர்.

மச்சான்களின் கைகள் மேலே கிளம்பின. நகைமுத்து தலை குனிந்தான். பாதத்துக்குப் பக்கத்தில் ஒயர் கிடந்தது. அதைப் பார்த்தான். அமைச்சரின் போனைப் பார்த்தான். பெருவிரலால் ஒரே இழுப்பு.

வேட்டி வெறும் வேட்டியானது.

“ஐயையோ! என்ன ஆயிற்று?” என்றார் மன்னர்.

“எனக்கென்ன தெரியும், மன்னா? நான் படிக்காதவன்,” என்று கையை விரித்தான் நகைமுத்து. “அமைச்சருக்குத்தான் இதெல்லாம் அத்துப்படி.”

கொற்றங்குடியாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. “இதுகூடத் தெரியாதா? கால் கட் ஆகிவிட்டது!”

“ஐயோ, யாருடைய கால்?”

“எல்லாருடைய காலும்தான்!”

“எங்கே வைத்து ஐயா?”

“எங்கேயா? கண் தெரியவில்லையா? இதோ, இந்தச் சபையில்தான்!”

நகைமுத்து மன்னர் பக்கம் திரும்பிக் கை கட்டி நின்றான். “கேட்டீர்களா, மன்னா? எல்லாருடைய காலும் இந்தச் சபையில்தான் கட் ஆனதாம். வைக்காத கால் எப்படிக் கட் ஆகும்?”

மன்னர் விழித்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், கிரீடம் கழன்று படியில் உருண்டு ஓடியது. அமைச்சர் மட்டும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மறுமுனையில் யாரும் இல்லை.

ஒயரைச் சொருகியதும் வேட்டியெங்கும் கைகள் எழுந்தன. தீர்மானம் தோற்றது. விளக்கு தினமும் எரியும் என்றானது. தூக்கக் கலக்கத்தில் ஒரு மச்சானும் அவர்களோடு சேர்ந்து கை தூக்கிவிட்டார்.

மன்னர் தன் பொற்கழலைக் கழற்றி நீட்டினார். “இந்தா நகைமுத்து, காலுக்குப் போட்டுக்கொள்.”

“எந்தக் காலுக்கு, மன்னா?”

மறுபடியும் கிரீடம் உருண்டது.

சபை கலைந்தபின் நகைமுத்து ஒயரைச் சுருட்டக் குனிந்தான். வேட்டியில் ஒரு கட்டம் மட்டும் அணையாமல் இருந்தது. கடலாயி காலைக் கட் பண்ண மறந்துவிட்டாள். துணியை உதறி எடுத்து, விளக்குக் கண்ணாடியில் வாயால் ஊதி, விட்ட இடத்திலிருந்து துடைக்கத் தொடங்கியிருந்தாள்.