எழுத்தைத் தொட்ட மயில்தோகை

அந்தக் காலத்தில், பறவைகளெல்லாம் நம்மைப்போலப் பேசித் திரிந்தபோது, மயிலுக்குத்தான் இருப்பதிலேயே இனிய குரல். அழகும் இருந்து குரலும் இருந்தால் கேட்க வேண்டுமா? தலைக்கனம் தாங்கவில்லை.

கொச்சியில் யூதர் தெருவில் சிம்ஹா என்றொரு பெண் இருந்தாள். அவள் அண்ணன் மெனாஹேம், பூரிம் திருநாளில் வாசிக்கிற எஸ்தர் அரசியின் கதையைத் தோல்சுருளில் எழுதுபவர். அந்த வருடம்தான் முதன்முதலாக, ஓரங்களில் படம் வரையும் வேலையைத் தங்கையிடம் கொடுத்தார்.

“பூவோ பறவையோ, உன் இஷ்டம். ஆனால் ஒரு கோடுகூட எழுத்தில் படக் கூடாது. பட்டால் அந்தச் சுருளைச் சபையில் வாசிக்க முடியாது. அப்புறம் நீ தூரிகையை மறந்துவிட வேண்டியதுதான்.”

“சரி அண்ணா, பார்த்துக்கொள்கிறேன்.”

அவள் மயில் வரைந்தாள். ஜன்னலில் உட்கார்ந்திருந்த நிஜ மயிலுக்குப் பொறுக்கவில்லை. “என் தோகை இவ்வளவுதானா? இன்னும் கொஞ்சம் நீட்டேன் அக்கா!”

“அதற்கு மேல் எழுத்து இருக்கிறதே. முடியாது” என்று சொல்லிவிட்டுச் சிம்ஹா தூரிகை கழுவப் போனாள்.

பாழாய்ப்போன ஆசை! மயில் தன் இறகு நுனியை நீலத்தில் தோய்த்து, படத்திலிருந்த தோகையை இழுத்துவிட்டது. திரும்பி வந்த சிம்ஹா அடுத்த பத்தியை விரித்து வரைய உட்கார்ந்தாள். முடித்ததை மறுபடி பார்க்கவில்லை.

திருநாளன்று ஜெப ஆலயம் நிரம்பி வழிந்தது. எஸ்தர் தன் ஜனத்தின் உயிருக்காக ராஜாவிடம் மன்றாடும் இடம் வந்ததும், வாசித்துக்கொண்டிருந்த மெனாஹேம் நின்றுவிட்டார். எழுத்தின்மேல் நீலம்.

“என்னம்மா இது?”

“நான் தொடவே இல்லை அண்ணா!”

“பொய் வேறா?”

சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவமானத்தில் அவள் கூனிக் குறுகிப்போனாள். மதில்மேல் இருந்த மயில் ஜன்னல் வழியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லையே! இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது, பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டது. மெனாஹேம் படமில்லாத பழைய சுருளை எடுத்து வாசிப்பைத் தொடர்ந்தார்.

சிம்ஹா வெளியே வந்தாள். இடுப்பில் செருகியிருந்த தூரிகையை வாசலிலேயே போட்டுவிட்டு நடந்தாள். மயில் பின்னால் ஓடியது. “நான்தான் அக்கா” என்று சொல்ல வாயைத் திறந்தது. கர்ணகடூரமாக ஓர் அலறல்தான் வந்தது. மறுபடி முயன்றது, மறுபடியும் அதே அலறல்.

“சீ, போ! நீயும் சேர்ந்து கத்துகிறாயா?” என்று அழுதுகொண்டே விரட்டினாள். பிறகு அவள் எதையும் வரையவில்லை.

அதற்கப்புறம் வரைந்தவர்கள் படத்துக்கும் எழுத்துக்கும் நடுவே வேலிபோல ஒரு கோடு போட்டுக்கொண்டார்கள். மயில் அப்படித் தொண்டை கிழியக் கத்துவதும் அன்று முதல்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டுதான் இருக்கிறது, பாவம். கேட்க வேண்டியவள்தான் இல்லை.