ரோட்டைத் தூங்க வச்சவ

ஒரு ஊர்ல ஒரு ஆறு இருந்துச்சு. ரொம்ப வடக்க. அதுக்கும் வடக்க ஊரே கிடையாதுங்கிற அளவுக்கு வடக்க. காலை நீட்டிப் படு. ஃபேன் காத்து வருதா? சரி. அந்த ஊர்ல எட்டு மாசம் குளிரு. ஆறு அப்படியே பாறை மாதிரி உறைஞ்சு கிடக்கும். அது மேல ஜனங்க நடப்பாங்க, மான் பூட்டின சறுக்கு வண்டியில போவாங்க. ஆறுதான் அவங்களுக்கு ரோடு. ம் சொல்லு.

"ம்."

ஆத்து மேல எல்லாமே வெள்ளை. ரோடு எதுன்னு எப்படித் தெரியும்? அதுக்குன்னே ஐலான்னு ஒருத்தி இருந்தா. ஆறு இறுகினதும் ஊசி இலை மரத்துக் கிளையா ஒடிச்சுட்டு வந்து, இந்தக் கரையில இருந்து அந்தக் கரை வரைக்கும் வரிசையா நட்டு வச்சிருவா. நூத்தி இருபது கிளை. கிளை நின்னா ரோடு முழிச்சிருக்கு. கிளையைப் பிடுங்கிப் படுக்க வச்சுட்டா ரோடு தூங்கிடுச்சு. தூங்குற ரோட்டை யாரும் மிதிக்கக் கூடாது.

அப்புறம் சித்திரை வந்துச்சு. நமக்குச் சித்திரைன்னா ரோட்டுல தார் இளகும். அங்க ரோடே இளகும். கூரையில இருந்து சொட்டு... சொட்டு... சொட்டு. திடீர்னு மொத்தப் பனியும் சரிஞ்சு தொபுக். அன்னப்பறவைங்க தெற்க இருந்து கூப்பிட்டுக்கிட்டே வரும். மத்தியானம் மழை, சாயங்காலம் பனி. சூரியன் தூங்கவே போகாது. மெல்லக் கீழ இறங்கும், மலையைத் தொடும், எதையோ மறந்து வச்சுட்ட மாதிரி திரும்ப மேல ஏறி வந்துரும்.

"அப்போ எப்போ தூங்குவாங்க?"

ஜன்னல்ல கம்பளியைத் தொங்க விட்டுட்டுத் தூங்குவாங்க. கேளு. பனி வெள்ளை, கிளை கருப்பு. கருப்பு வெயிலைக் குடிக்கும். அதனால முதல்ல இளகுறது கிளையைச் சுத்தித்தான். குளிர்காலம் பூரா எந்தக் கிளையை நம்பி ஒட்டி ஒட்டி நடந்தாங்களோ, சித்திரையில அதை விட்டு ஒதுங்கி நடக்கணும். ஐலா தினமும் போய்க் கிளையை ஆட்டிப் பார்ப்பா. அசையலன்னா போகலாம். ஆடுச்சுன்னா யாருக்கும் வழி கிடையாது. அப்புறம் ஐஸ் உடைஞ்சு, தண்ணி ஓடி, படகு விடுற வரைக்கும் மூணு வாரம் ஆகும்.

ஐலாவுக்கு ஒரே பொண்ணு. இங்கான்னு பேரு. உன் வயசுதான், உன்னைவிட ஒரு பல்லு கம்மி. அவ பள்ளிக்கூடம் அந்தக் கரையில. அங்கயே தங்கிப் படிக்கிறா. லீவு விட்டா வீட்டுக்கு வரணும். ஐலா விரல்ல நாளை எண்ணிக்கிட்டிருந்தா.

முதல் நாள் தோமாஸ்னு ஒரு மாவு வியாபாரி வந்து, அந்தக் கரைக்குப் போகணும்னான். விடியக்காலைக் குளிரு. ஐலா கிளையை ஆட்டினா. அசையல. நீள ஈட்டிக் கம்பால ஐஸைத் தட்டினா. டொக். ஐஸோட வயித்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி கனமான சத்தம். போன்னுட்டா. சர்ர்ர்ருனு வண்டி போயிருச்சு.

ரெண்டாம் நாள் யூஹான்னு ஒரு மாப்பிள்ளைப் பையன் வந்தான். புதுச் சட்டை, புதுத் தொப்பி. பொண்ணு வீடு அந்தக் கரையில, நாளைக்குக் கல்யாணம். ஐலா கிளையை ஆட்டினா. லேசா ஆடுச்சு, வெயிலும் ஏறிக்கிட்டிருந்துச்சு. தட்டினா. டப். அவ வேண்டாம்னா. அவன் கெஞ்சினான், ஓடியே போயிடுறேன்னான், உயிர் என்னுதுதானேன்னான். இவ நகரல. அவனுக்குக் கோபம் வந்துருச்சு.

"உன் பொண்ணு அந்தக் கரையில வந்து நிப்பாள்ல ஐலாக்கா? அப்பவும் கிளை ஆடுதான்னு பார்க்கறேன்."

ஐலா, "ஆடும்"னா. அவ்வளவுதான் சொன்னா.

மூணாம் நாள் அந்தக் கரையில ஒரு சிவப்புத் தொப்பி தெரிஞ்சுது. கட்டைவிரல் உசரம். இங்காதான். பெட்டியைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறா. ஐலா ஓடிப் போய்க் கிளையைப் பிடிச்சா. கடகடன்னு ஆடுச்சு. இன்னொரு கிளை. அதுவும் ஆடுச்சு. ஐஸைத் தட்டினா. கிணிங்... கிணிங்... கண்ணாடி வளையல் மாதிரி சத்தம். அதுதான் கெட்ட சத்தம், குட்டி. மேலயிருந்து பார்த்தா முழங்கை ஆழம் ஐஸ் இருக்கும். ஆனா உள்ள எல்லாம் ஊசி ஊசியாப் பிரிஞ்சு நிக்கும்.

ஐலா ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் குறுக்க வச்சா. வழி இல்லைன்னு அர்த்தம். சிவப்புத் தொப்பி கொஞ்ச நேரம் அப்படியே நின்னுச்சு. அப்புறம் பெட்டி மேல உக்காந்துருச்சு. கேலி பண்ணலாம்னு வந்த யூஹான் பின்னாடி நின்னு எல்லாத்தையும் பார்த்தான். தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டான். கேக்குறியா?

"ம். அவ அழுதாளா?"

யாரு, அம்மாவா பொண்ணா? தெரியல. ரெண்டு பேரும் தூரத்துல இருந்தாங்க.

அப்புறம் சூரியன் கீழ இறங்கினப்போ, மழை மேகம் கலைஞ்சு, வடக்க இருந்து குளிர் காத்து வந்துச்சு. உஸ்ஸ்ஸ். சொட்டுற கூரையெல்லாம் நின்னு போச்சு. ஐலா போய்த் தட்டிப் பார்த்தா. டப். ஒரு தடவை தாங்கும். ஒரு ஆளைத் தாங்கும். போயிட்டுத் திரும்பறதுக்குள்ள வெயில் ஏறிடும்.

கிளையைப் படுக்க வைக்காம விடவும் முடியாது. விட்டா, வெளியூர்க்காரங்க யாராவது ரோடு முழிச்சிருக்குன்னு நம்பி இறங்கிடுவாங்க. வருஷா வருஷம் அவ அந்தக் கரைக்குச் சும்மா நடந்து போவா. அங்க இருந்து ஒவ்வொண்ணா படுக்க வச்சுக்கிட்டே வந்து, வீட்டுக் கரையில முடிப்பா. இந்த வருஷம் ஒரு நடைதான். யோசிச்சா. எந்தக் கரையில முடிக்கணும்னு அவளுக்கு யாரும் சட்டம் போடலையே.

நேரா பக்கத்து வீட்டு மாரித்கிட்ட போனா. மூணு வாரம் மாட்டைப் பார்த்துக்கன்னு சொன்னா. உன் மாடு உதைச்சா பால் பூரா எனக்குன்னா மாரித். சரின்னுட்டா.

கரையில யூஹான் நின்னுக்கிட்டிருந்தான். ஒரு ஆள்தான் போகலாம், கிளை பிடுங்கத் தெரிஞ்ச ஆள்தான் போகணும்னு அவனுக்குப் புரிஞ்சுது. கல்யாணம் பண்ணக் கத்துக்கிட்டதுக்குப் பதிலா கிளை பிடுங்கக் கத்துக்கிட்டிருக்கலாம்னான். அப்புறம் கழுத்துல கட்டியிருந்த பட்டுத் துணியை அவுத்து நீட்டினான்.

"கல்யாணப் பொண்ணுகிட்ட குடுத்துடுக்கா. படகுல வர்றேன்னு சொல்லு."

ஐலா அதை வாங்கி மடியில செருகிக்கிட்டா. கம்பைக் குறுக்கப் பிடிச்சுக்கிட்டு இறங்கினா. உள்ள விழுந்தா கம்பு தாங்கும், அதுக்கு. ஒவ்வொரு கிளைகிட்டயும் குப்புறப் படுத்து, கம்பு முனையில இருக்கிற கொக்கியால இழுத்து, மெதுவா சாய்ப்பா. சரக். ஒண்ணு தூங்கிடுச்சு. சரக். இன்னொண்ணு. ஐஸ் ரோஸ் கலர்ல கிடந்துச்சு. அடியில ஆறு குழந்தை மாதிரி முனகிக்கிட்டிருந்துச்சு. அறுபதாவது கிளைகிட்ட கால் பொளுக்குனு உள்ள போச்சு, முழங்கால் வரைக்கும். கம்பு மேல அப்படியே படுத்துட்டா. மூச்சுக்கூட விடல. மெல்ல, மெல்ல, காலை வெளிய எடுத்தா. சரக். அறுபத்தொண்ணு. சரக்...

"ம்..."

கட்டைவிரல் உசரம் முழ உசரம் ஆச்சு. முழ உசரம் பொண்ணு உசரம் ஆச்சு. இங்கா ஒரு காலை ஐஸ்ல வைக்கப் போனா. வச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஆனா அவ ஐலா பெத்த பொண்ணு. கரை ஓரத்துல நின்ன கடைசிக் கிளையைப் பிடிச்சு ஆட்டிப் பார்த்தா. ஆடுச்சு. காலைப் பின்னாடி எடுத்துக்கிட்டா.

ஐலா கரையேறினா. நூத்தி இருபதாவது கிளையை இங்காவே ரெண்டு கையால பிடுங்கிப் படுக்க வச்சா. அப்புறம் ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துல இங்கா தங்குற அறைக்குப் போய்ப் படுத்தாங்க.

"அம்மா, ரோடு தூங்கிடுச்சா?"

"தூங்கிடுச்சு. நீ தள்ளிப் படு, எனக்கும் இடம் வேணும்."

அன்னைக்கு மத்தியானம், ஜன்னல்ல கம்பளியைத் தொங்க விட்டு, ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல கிடந்தாங்க. அப்போ வெளிய மடார்னு ஒரு சத்தம். அப்புறம் கடமுடா கடமுடான்னு ஆறு பூரா நகர ஆரம்பிச்சுது. நூத்தி இருபது கிளையும் ஐஸ் மேல படுத்தபடியே கடலுக்குப் போச்சு. ரெண்டு பேரும் முழிக்கல.

"மாடு?"

மாடு உதைக்கல. மூணு வாரம் கழிச்சு முதல் படகுல யூஹான் வந்தான், கழுத்துல ஒண்ணும் கட்டாம. கல்யாணம் முடிஞ்சு அதே படகுல எல்லாரும் வீட்டுக்குப் போனாங்க.

கிளையெல்லாம் படுத்தாச்சு. ரோடு தூங்கியாச்சு. இனிமே யாரும் நடக்கக் கூடாது, நீயும் கூடத்தான். கண்ணை மூடு.