தப்பிக்கும் கூண்டும் செலஸ்தின் கேட்ட கேள்வியும்

மொட்டைமுனையில் ராக்கெட் தளம் அமைந்ததற்கு விஞ்ஞானக் காரணம் எதுவும் கிடையாது. கடற்கரை நெடுக மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம், "இதனால எங்களுக்கு என்ன லாபம்?" என்று கேட்டார்கள். மொட்டைமுனைக்காரர்கள் மட்டும், "ராக்கெட்டுக்கு வேளாவேளைக்குத் தண்ணி வைக்கணுமா?" என்று கேட்டார்கள். அந்த அக்கறை அதிகாரிகளுக்குப் பிடித்துப்போயிற்று. நிலத்தை எடுத்துக்கொண்டு, ஊர்க்காரர்களுக்கே வேலையும் போட்டுக் கொடுத்தார்கள்.

தளத்துக்கு மேஸ்திரி பூதலிங்கம். அதற்கு முன் ஐஸ் கம்பெனியில் இருந்தவர். ஐஸ் கட்டிகளுக்கு வேர்க்கிறதே என்று பரிதாபப்பட்டு ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டதால் அந்த வேலை போயிற்று. அவருக்குக் கீழே தாணு, மிக்கேல் என்று இரண்டு பேர். தாணு நிறைய யோசிப்பான். மிக்கேல் யோசிக்கவே மாட்டான். விளைவில் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை.

வானத்துக்குப் போகும் முதல் ஆளாகத் தேர்வானவன் வருவேல். மீன் பிடிக்கிறவன். எவ்வளவு பெரிய அலையிலும் தலைசுற்றாதவன். அடுத்த மாதம் புறப்பாடு. சட்டை கூடத் தைத்தாகிவிட்டது. மிச்சமிருந்த ஒரே தடங்கல் அவன் மனைவி செலஸ்தின்.

"ஒரு ஆளு அதுல ஏறிப் போயி உசுரோட திரும்பி வந்ததை என் கண்ணால பாக்கணும்" என்றாள் அவள். "பாத்தாத்தான் என் புருசனை விடுவேன். இல்லைன்னா அந்தச் சட்டையை வேற எவனுக்காவது போட்டு அனுப்புங்க."

"வேற எவனுக்கும் கை நீளம் சரியா வராது மைனி" என்றான் தாணு, வருத்தத்தோடு.

அவள் பயத்துக்கு மருந்தாகத்தான் ஒரு கருவி வந்திருந்தது. ராக்கெட்டின் உச்சியில் ஆள் உட்காரும் கூண்டு. கூண்டின் தலையில் இன்னொரு குட்டி ராக்கெட். பெரிய ராக்கெட்டில் கோளாறு வந்தால் கட்டுப்பாட்டுக் கொட்டகையில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். குட்டி ராக்கெட் கூண்டைப் பிய்த்துக்கொண்டு பறந்துவிடும். பிறகு பாராசூட் விரியும், கூண்டு கடலில் இறங்கும். இதைச் சோதித்துப் பார்க்க, ஓர் ஆள் எடையில் ஒரு பொம்மையும் அனுப்பியிருந்தார்கள்.

சோதனை நாளன்று பொறியாளர் மங்கையர்க்கரசி தலைநகரத்தில் மாட்டிக்கொண்டார். போனில்தான் பேசினார்.

"மீட்டிங் முடியலை. நீங்களே நடத்திருங்க. பொம்மையை நிஜ மனுஷனா நினைச்சே எல்லாம் செய்யணும். கோளாறு வந்ததும் சிவப்புப் பொத்தான். அவ்வளவுதான்."

"ஆகட்டும்மா" என்றார் பூதலிங்கம்.

மனிதனாக நினைக்கச் சொன்னதால் பொம்மைக்கு முதலில் ஒரு பெயர் வேண்டியிருந்தது. சூசை என்று வைத்தார்கள். புட்டும் பழமும் முன்னால் வைத்தார்கள். சூசை தொடவில்லை.

"புது இடம். கூச்சப்படுதான்" என்றான் மிக்கேல்.

இடுப்பில் புதுச் சாரம் உடுத்தி, தலைசீவி, மூன்று பேருமாகத் தூக்கிக் கூண்டில் உட்கார வைத்தார்கள். ஓர் ஆள் போகப்போகிறான் என்று கேள்விப்பட்டு செலஸ்தினும் வருவேலோடு வந்து சேர்ந்தாள்.

"யாரு பெத்த பிள்ளையோ" என்று ஏணியில் ஏறிப் பார்த்தாள். "ஏ தம்பி, போயிட்டு வாறேன்னு சொல்லிட்டுப் போ."

சூசை நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுய்யா. நல்ல வார்த்தைதானே."

செலஸ்தின் இறங்கி வந்தாள். "இவன் திரும்ப மாட்டான் அண்ணாச்சி. போயிட்டு வாறேன்னு சொல்லாமப் போனவன் எவன் வந்திருக்கான்? இவன் வரலைன்னா என் புருசனும் போகமாட்டாரு. முடிஞ்சு போச்சு."

வருவேலின் முகம் தொங்கிப்போயிற்று. பூதலிங்கம் தாணுவைப் பார்த்தார்.

"ஏல தாணு, அவனுக்குப் பதிலா வேற யாராவது சொன்னா செல்லுமா?"

தாணு கண்ணை மூடி யோசித்தான். "செல்லும் அண்ணாச்சி. ஆனா சொன்னவன்தான் திரும்பி வரணும். வாக்கு அவன் குடுத்தது."

"நியாயம்."

"திரும்பி வரணும்னா முதல்ல போகணும்."

"அதுவும் நியாயம்."

"அப்ப நானே சொல்லுதேன்" என்றான் வருவேல். "போயிட்டு வாறேன்!"

செலஸ்தின் அவன் கையைப் பிடித்தாள். "நான் இன்னும் விடலையே?"

"அடுத்த மாசம் என்னை விடலாமா கூடாதான்னு உனக்குத் தெரியணும்லா? அதைத் தெரிஞ்சுக்கத்தான் இன்னைக்குப் போறேன்."

அவள் சற்று நேரம் அதை எடைபோட்டாள். "அப்படின்னா சரி. அடுத்த மாசம் போறதுதான் யோசிக்க வேண்டிய விசயம். இன்னைக்கு எனக்காகத்தானே போறீக."

கூண்டில் ஒரே இருக்கை. சூசையை இறக்கினார்கள். நிஜ மனிதனை மணலில் கிடத்த முடியுமா? கட்டுப்பாட்டுக் கொட்டகைக்குத் தூக்கிப்போய், பொத்தான் பலகைக்கு முன்னால் பூதலிங்கத்தின் சொந்த நாற்காலியிலேயே உட்கார வைத்தார்கள். வருவேல் கூண்டுக்குள் போய்ப் பட்டையை மாட்டிக்கொண்டான். செலஸ்தின் கரையில் போய் நின்றுகொண்டாள்.

பிறகு எல்லோரும் கோளாறுக்காகக் காத்திருந்தார்கள்.

வெயில் ஏறிற்று. ராக்கெட் மாட்டுச் சந்தையில் நிற்கும் சாதுவான எருமை போல அசையாமல் நின்றது. போன் கம்பி வழியாக வருவேலின் குரல் வந்தது.

"அண்ணாச்சி, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை வருவேலு. அதுதான் பிரச்சினை."

மிக்கேலுக்குப் பொறுமை போய்விட்டது. "கோளாறு வந்ததா நினைச்சுக்கிட்டு அழுத்திரட்டுமா?"

பூதலிங்கம் முறைத்தார். "பொய் சொல்லி ஒருத்தனை வானத்துக்கு அனுப்புறதா? இறங்கி வந்து என்ன கோளாறுன்னு கேட்டான்னா எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பதில் சொல்லுவே?"

"நேத்து ஒரு நட்டு லூசா இருந்துச்சு" என்றான் மிக்கேல்.

"எங்கல?" என்று இருவரும் ஆவலாகக் கேட்டார்கள்.

"முறுக்கிட்டேன்."

பூதலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். "இருந்த ஒரே கோளாறையும் கெடுத்துட்டியே பாவி!"

"இப்பப் போயித் திரும்பக் கழட்டிரட்டுமா?"

"நாமளே கழட்டுனா அது கோளாறு இல்லைல, அது வேலை. கோளாறு தானா வரணும்."

தானாக வந்த கோளாறு எங்காவது ஒளிந்திருக்கலாம் என்று மூவரும் ராக்கெட்டைச் சுற்றித் தேடப் போனார்கள். தாணு தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டான். மிக்கேல் மோந்து பார்த்தான். பூதலிங்கம், "ஏதாவது இருந்தா சொல்லு, திட்ட மாட்டோம்" என்று ராக்கெட்டிடம் நயமாகவே கேட்டார்.

கொட்டகையில் சூசை மட்டும் இருந்தான். அவனை யாரும் நாற்காலியோடு கட்டவில்லை. கடல்காற்று ஜன்னல் வழியாக முதுகில் அடிக்க, அவன் மெல்ல மெல்ல முன்னால் சாய்ந்தான். முழு ஆள் எடையோடு அவன் நெற்றி சிவப்புப் பொத்தானில் போய் இறங்கியது.

இடி விழுந்த சத்தம். மூவரும் மணலில் மூக்குக் குப்புற விழுந்தார்கள். கூண்டு ராக்கெட்டின் தலையிலிருந்து பிய்த்துக்கொண்டு, புகையைக் கக்கியபடி வானத்தில் ஏறியது. கரையில் செலஸ்தின், "எய்யா!" என்று அலறினாள். சின்னப் புள்ளியாகிவிட்ட கூண்டு ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு கவிழ்ந்தது.

பாராசூட் வரவில்லை. அவள் மாதாவைக் கூப்பிட்டாள். இன்னும் வரவில்லை. மாதாவோடு அந்தோணியாரையும் சேர்த்துக் கூப்பிட்டாள். பட்டென்று மூன்று வெள்ளைக் குடைகள் விரிந்தன.

கூண்டு கடலில் விழுந்தபோது அவள் பாதி தூரம் வள்ளத்தில் போய்விட்டிருந்தாள். அவளே கதவைத் திறந்தாள். வருவேல் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான்.

"உசுரோட இருக்கீகளா?"

"தெரியலையே."

அவள் அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். கரைவரை கேட்ட சத்தத்தில் சந்தேகம் தீர்ந்தது.

இதற்குள் மூவரும் கொட்டகைக்கு ஓடியிருந்தார்கள். பொத்தான் மேல் நெற்றியை வைத்துக் கிடந்த சூசையைப் பார்த்து பூதலிங்கம் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"மூணு பேரு மோந்து பாத்தும் சிக்காத கோளாறு, உக்காந்த இடத்திலேயே இவருக்குத் தெரிஞ்சிருக்கு. படிச்சவருல!"

"இவரைப் போயி புட்டு திங்கச் சொன்னோமே" என்று மிக்கேல் நொந்துகொண்டான்.

நனைந்த சேலையோடு செலஸ்தின் உள்ளே வந்தாள். வருவேல் அவள் முகத்தையே பார்த்தபடி பின்னால் வந்தான்.

"பாத்துட்டேன்" என்றாள். "போனாரு, வந்தாரு. கூண்டைப் பத்தி ஒரு குறையும் இல்லை. ஒண்ணு மட்டும் கேக்கேன் அண்ணாச்சி. ஆபத்து வருமே, அது எதுல வரும்?"

"ராக்கெட்டுல தாயி."

"தப்பிக்கிறது எதுல?"

"கூண்டுல."

"அப்ப ராக்கெட்டு எதுக்கு?"

இத்தனை படித்தவர்கள் வந்து போயும் இதை யாரும் கேட்கவில்லையே என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த இடத்திலேயே முடிவாயிற்று. ஆபத்தை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, கூண்டை மட்டும் அனுப்புவது.

"அதுல போறதுன்னா எனக்குச் சம்மதம்" என்றாள் செலஸ்தின். வருவேல் துள்ளினான். தாணுவும் மிக்கேலும் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டார்கள்.

"நில்லுங்க" என்றாள் அவள். "நடுவழியில அந்தக் கூண்டே மக்கர் பண்ணிச்சுன்னா? எம் புருசன் எதுல தப்பிப்பாரு?"

வருவேலைக் கீழே இறக்கிவிட்டார்கள்.

தாணு வெகுநேரம் யோசித்தான். வெளியே பார்த்தான். முகம் மலர்ந்தது.

"ராக்கெட்டு சும்மாதானே நிக்கி மைனி? அதைக் கூண்டுக்கு அடியில மாட்டிருவோம். கூண்டுல ஏதாவது ஆபத்துன்னா, ராக்கெட்டுல தப்பிச்சிரட்டும்."

செலஸ்தினுக்கு அப்போதுதான் உண்மையாகவே நெஞ்சு ஆறியது. "அது கூட இருந்தா எனக்குப் பயமே இல்லை" என்றாள்.

பூதலிங்கம் தலைநகரத்துக்குப் போன் போட்டார்.

"அம்மா, சோதனை ஜெயம். வருவேல் பெஞ்சாதி சம்மதிச்சுட்டா. ஆபத்து அவசரத்துக்கு இருக்கட்டும்னு கூண்டுக்குக் கீழே ஒரு ராக்கெட்டு வைக்கோம்."

"அங்கேதான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே!" என்றார் மங்கையர்க்கரசி.

"இருக்கும்மா. ஆனா அது எதுக்குன்னு இத்தனை நாளா ஒருத்தருக்கும் தெரியாம இருந்துச்சு."