தட்டில் நிற்காத பூதப்படை

குற்றாலிங்கம் ஆசானிடம் கேட்ட கேள்வி சின்னது.

“ஆசானே, என் படையை இன்னும் எப்படிப் பெருக்கலாம்?”

ஆசான் பிரஷ்ஷை வாயில் கவ்விக்கொண்டு ஒரு குதிரைக்கு வால் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

ஆசான் என்றதும் தாடியைத் தேட வேண்டாம். பெயர் ஜெபசெல்வி. மின்வாரியத்தில் பொறியாளர், வயது முப்பத்து நான்கு. கேட்டவருக்கு ஐம்பத்தெட்டு. பாளையங்கோட்டையில் டயர் கடை இருக்கும் கட்டடத்தின் நாலாவது மாடியில் ஞாயிறுதோறும் கூடுகிற பொம்மைப் போர்க் கூட்டத்தில் வயதுக்கு மரியாதை உண்டு. பட்டம் மட்டும் கைவேலையைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அவள் செய்த படையைப் பார்த்தபிறகு அவளை ஆசான் என்று கூப்பிட அங்கே யாரும் கூச்சப்படவில்லை.

விளையாட்டு இதுதான். கட்டைவிரல் உயரப் பொம்மைகள். கடையில் வாங்கும்போது எல்லாம் ஒரே அச்சு. அவற்றை வெட்டி, ஒட்டி, களிமண் போலப் பிசைகிற பசைமாவில் கொம்பும் மூக்கும் பிடித்து வைத்து, சாயம் பூசி, அவரவர் கற்பனைக்குத் தக்க படையாக மாற்றுவார்கள். ஒருத்தரிடம் நாகர் படை, இன்னொருத்தரிடம் எலும்புக்கூட்டுப் படை. பெரிய மேஜையில் எதிரெதிரே நிறுத்தி, டேப் வைத்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டி மோதவிடுவார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அதைப் பற்றி உள்ளே யாரும் கவலைப்பட்டதில்லை.

குற்றாலிங்கத்துடையது பூதப்படை. இரண்டு வருஷமாக அவர் மேஜை ஓரத்தில் நின்று, அடுத்தவர் உருட்டிய பகடை கீழே விழுந்தால் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இந்த வருஷம் ஆடி மாதப் பெரும்போருக்கு அவர் பெயரும் பலகையில் ஏறிவிட்டது. மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆசான் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தாள்.

“பெருக்குறது இருக்கட்டும் அண்ணாச்சி. இருக்கிறதைக் காட்டுங்க.”

அவர் பஞ்சு விரித்த டப்பாவைத் திறந்தார். கூட்டம் கூடிவிட்டது. ஒரு பூதம் பாறையில் கால் வைத்துக் கதாயுதத்தை வானத்துக்குத் தூக்கியிருந்தது. ஒன்று கன்னம் புடைக்கச் சங்கு ஊதியது. ஒன்றுக்கு முதுகில் விரிந்த இறக்கை. முரசு அடிக்கிற பூதம் இரண்டு கையையும் அகல வீசியிருந்தது. ஒவ்வொன்றின் வாயிலும் பல் வரிசை மட்டும் அப்படி ஒரு திருத்தம்.

“இதுல சாதா ஆளே கிடையாதா?” என்று கேட்டார் காஜா மைதீன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஆடிப் போரில் குற்றாலிங்கத்துக்கு எதிரி அவர்தான்.

“பூதத்துல என்னவே சாதா?”

ஆசான் ஒரு தட்டை எடுத்து வைத்தாள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு அணி என்றால் ஐந்தைந்து பேராக நாலு வரிசை, தோளோடு தோள் நெருங்கி, ஒரு தட்டில் நிற்க வேண்டும். படைக்குச் சொந்தக்காரர் அந்தத் தட்டைக் கையில் ஏந்தி மேஜையை ஒரு சுற்று வரவேண்டும். ஒரு ஆளும் விழாமல் வந்தால்தான் போரில் சேர்த்தி.

கதாயுதக்காரன் ஏறினான். அவன் காலை வைத்த பாறை பக்கத்து இடத்தையும் பிடித்துக்கொண்டது. சங்கு ஊதுகிறவன் முழங்கை அடுத்தவன் மூக்கில் இடித்தது. இறக்கைக்காரன் வந்ததும் பின்வரிசைக்கு இடமே இல்லை. எப்படித் திருப்பி வைத்தாலும் ஏழு பேர்தான் நின்றார்கள். எட்டாவது ஆளை வைத்தால் மூன்றாவது ஆள் குப்புற விழுந்தான்.

“இன்னும் பெருக்கணும்னா கேட்டீய?” என்றாள் ஆசான்.

“ஆமா ஆசானே.”

“லிஃப்டுக்கு வாங்க. எல்லாரும் வாங்க.”

லிஃப்டில் எட்டுப் பேர் என்று எழுதியிருந்தது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணாச்சியோட பூதம் எப்படி நிக்குதோ, அப்படியே நின்னுக்கிட்டு உள்ள ஏறணும்.”

காஜா மைதீன் முதலில் ஏறினார். ஒரு காலைத் தூக்கிச் சுவரில் வைத்து, குடையை மேலே நீட்டினார். அடுத்தவர் வேட்டி முனைகளை இரண்டு பக்கமும் விரித்து இறக்கையானார். மூன்றாவதாக ஒருத்தர் சங்கு ஊதிக்கொண்டு நுழையப் பார்த்து, குடைக்கு அடியில் மாட்டிக்கொண்டார். லிஃப்ட் கதவு மூட வருவதும் திறந்துகொள்வதுமாக இருந்தது. கீழிருந்து டீ கொண்டுவந்த கடைப்பையன் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, காலி கிளாஸை வாங்காமலே இறங்கிப் போனான்.

எல்லாரையும்விட அதிகம் சிரித்தது குற்றாலிங்கம்தான். முதலில் நிறுத்தியதும் அவர்தான்.

அந்த வாரம் அவர் தன் வேலை மேஜையில் பூதங்களை நிறுத்தி வைத்துக்கொண்டு கட்டரை எடுத்தார். முரசுக்காரனின் வலது கையைத் தோளோடு நறுக்கினார். டக் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு இறக்கைக்காரனை எடுத்தார், கீழே வைத்தார். கதாயுதக்காரனை எடுத்தார், அவனையும் வைத்துவிட்டார். துக்கமாக இருந்தது. பொம்மைக்குப் போய் இப்படியா என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டினதில் துக்கம் குறையவில்லை.

அடுத்த ஞாயிறு டப்பாவோடு ஒரு சின்ன டப்பியும் கொண்டுவந்தார். பஞ்சுக்குள் முரசுக்காரனின் கை இருந்தது.

“யாரு வெட்டச் சொன்னா?” என்றாள் ஆசான்.

“நீங்கதான். லிஃப்டைக் காட்டிச் சொன்னீயளே.”

“நான் ஏறத்தான் சொன்னேன்.”

அவர் பலகையைக் காட்டினார்.

“என் பேரை அழிச்சிருங்க ஆசானே. இந்த வருஷமும் நான் பகடையே பொறுக்குதேன். ஒண்ணை வெட்டினதுக்கே மனசு கேக்கல.”

“எல்லாரும் ஏன் அண்ணாச்சி கையத் தூக்கணும்? ஒருத்தன் சும்மா நிக்கக் கூடாதா?”

குற்றாலிங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நான் முப்பது வருஷமா பல்செட்டு கட்டுதேன். டாக்டர் அளவு எடுத்து அனுப்புவார், நான் கட்டிக் குடுப்பேன். கட்டினது கட்டினதுன்னு தெரிஞ்சா அது மோசமான வேலை. தெரியக் கூடாது. இந்த ஊருல எத்தனையோ பேர் என் பல்லுல சிரிக்காங்க. ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லைன்னுதான் நினைச்சிருந்தேன். இந்தப் பூதங்களைச் செய்ய ஆரம்பிச்ச பிறகுதான் வருத்தம் இருந்திருக்குன்னே தெரிஞ்சுது. இதுல ஒருத்தன்கூடக் கண்ணுல படாமப் போயிரக் கூடாது ஆசானே.”

காஜா மைதீன் பகடையைக் குலுக்குவதை நிறுத்திவிட்டார்.

ஆசான் எழுந்து போய் அலமாரியிலிருந்து தன் படையைத் தட்டோடு எடுத்து வந்தாள். கடலோர வேல்வீரர்கள். நூல் பிடித்தாற்போல் நாலு வரிசை. முன்வரிசைக் கேடயங்களையும் மேலே நிமிர்ந்த வேல்முனைகளையும் தவிர வேறொன்றும் தெரியாது. அந்தப் படையோடு மோதி ஜெயித்தவர்கள் அந்த அறையில் கொஞ்சப் பேர்தான்.

“மூணாவது வரிசை. நடுவுல இருக்கவனை எடுங்க.”

குற்றாலிங்கம் இரண்டு விரலால் மெல்ல உருவினார். அந்த வீரன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தான். இடது கை உள்ளங்கை கீழ்நோக்கி அந்தரத்தில் நின்றது. தனியாகப் பார்த்தால் கிறுக்கன் போலிருந்தான்.

“இவன் எதுக்குச் சிரிக்கான்?”

“பக்கத்து ஆளையும் எடுங்க.”

பக்கத்து ஆள் வாயைக் கையால் மறைத்து, காதோடு காதாக என்னமோ சொல்லிக்கொண்டிருந்தான். பின்னால் நின்றவனையும் அவர் தானாகவே எடுத்தார். அவன் முகத்தில், இவனுகளுக்கு வேற வேலையே இல்லை என்ற சலிப்பு. புருவத்தைக்கூட விடாமல் செய்திருந்தாள்.

அவர் மூன்று பேரையும் திரும்ப இடத்தில் வைத்தார். அந்தரத்தில் நின்ற கை கதை சொல்கிறவன் தோளில் சரியாகப் போய் உட்கார்ந்தது. சாய்ந்த தலை அவன் வாயருகே போயிற்று. மறுபடி கேடயங்களும் வேல்களும்தான் தெரிந்தன. தட்டை லேசாக ஆட்டிப் பார்த்தார். ஒருத்தனும் அசையவில்லை.

ஆசான் டப்பியிலிருந்து முரசுக்காரனின் கையை எடுத்தாள். பழைய இடத்தில் பொருத்தி, கொஞ்சம் திருப்பி ஒட்டினாள். கை முரசை விட்டு இறங்கி, சங்கு ஊதுகிறவன் கழுத்தைச் சுற்றி விழுந்தது. சங்குக்காரனின் முழங்கை முரசின் மேல் ஊன்றிக்கொண்டது. இப்போது இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு ஆள் இடம்தான் ஆயிற்று.

குற்றாலிங்கம் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். இறக்கைக்காரனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல்செட்டு வேலைக்கு மெழுகு சூடாக்கும் விளக்கைத் தன் பையிலிருந்து எடுத்துப் பற்றவைத்து, இறக்கையை இளக்கி வளைத்து, முன்னால் நின்ற குட்டைப் பூதத்தின் தலைக்கு மேல் குடையாகப் பிடித்தார். கதாயுதக்காரனின் பாறையை நோண்டி எடுத்துவிட்டு, ஆயுதத்தை அடுத்தவன் தோளில் சாய்த்தார். சாய்க்கப்பட்டவனுக்குப் பாரம் தாங்காத மாதிரி வாயைக் கோணலாக்கினார். சாயங்காலத்துக்குள் முதல் வரிசையும் இரண்டாவது வரிசையும் தட்டில் ஏறிவிட்டன. காஜா மைதீன் வந்து தட்டைத் தட்டிப் பார்த்தார். விழவில்லை. ஆடியில் தோற்கப்போவது யார் என்று அவருக்கு லேசாகச் சந்தேகம் வந்துவிட்டது.

கைகழுவப் போன குற்றாலிங்கம் பாதியில் திரும்பி வந்தார்.

“ஒண்ணு மட்டும் கேக்கணும் ஆசானே.”

“கேளுங்க.”

“உங்க ஆளு மூணாவது வரிசையில நின்னு சிரிச்சுக்கிட்டே இருக்கான். ரெண்டு வருஷமா இந்த மேஜையச் சுத்திச் சுத்தி வாரேன், பல்லுக் கட்டுத என் கண்ணுலயே படல. இனிமே வாரவன் கண்ணுலயும் படப்போறதில்ல. அவன் சிரிக்கிறதை யாருதான் பாக்கா?”

ஆசான் பசைக் குப்பியை மூடிக்கொண்டே சொன்னாள்.

“பக்கத்துல நிக்கிறவன் பாக்கான் அண்ணாச்சி.”