கெழக்க பாத்து எண்ணுன வளையம்

இல்லைங்க, அந்தப் புதுத் துகளை யாரும் கண்ணால பாக்கல. பூமிக்கடியில இருக்குற ஆராய்ச்சிக்கூடத்துல அணுத்துகளுங்க மோதுன எடத்துலயே பொறந்து, அங்கேயே நாலு துண்டாச் செதறிரும். ரெண்டை, அந்த எடத்தைச் சுத்தி மாட்டியிருக்குற கருவியோட உள்வளையம் புடிக்கும், ரெண்டை வெளிவளையம் புடிக்கும். ரெண்டு ஜோடியும் ஒண்ணுக்கொண்ணு எப்படித் திரும்பியிருக்குன்னு கோணம் பாத்துத்தான் குணத்தைச் சொல்லணும்: கண்ணாடியில பாத்தா மாறுற வகையா, மாறாத வகையா. முன்னாடி ஒரு துகளை இப்படித்தான் மாறாத வகைன்னு முடிவு பண்ணாங்க. அதுவும் இன்னும் பொறந்துக்கிட்டுதான் இருக்கு, யாரும் திரும்பிப் பாக்கறதில்ல.

புதுத் துகள் மாறுற வகைதான்னு, அங்க ஆராய்ச்சி பண்ற திருமாறன் கேன்டீன் முழுக்கச் சொல்லி வெச்சிருந்தான். அவனோட டாக்டர் பட்டமே அதுலதான் தொங்கிச்சு. அங்க ஒரு வழக்கம். கணக்குப் போடுற முறை முடிவாகுற வரைக்கும் விடையைப் பூட்டி வெச்சிருவாங்க. தொறந்தப்புறம் முறையில கை வெக்கக் கூடாது. ஆசைப்பட்டதைத்தான் கண்ணு பாக்கும்னு அவங்களுக்கே தெரியும்.

தொறந்தாங்க. மாறாத வகைன்னு வந்துச்சு.

அன்னிலேருந்து திருமாறன் ஒரு எடத்துல உக்காரல. டீ வாங்குவான், குடிக்க மாட்டான். வயர் வயராத் தடவிப் பாத்ததுல ஒண்ணு சிக்குச்சு. உள்வளையத்துக்காரங்க கடிகாரம் மாதிரி உச்சியிலேருந்து நம்பர் போட்டிருந்தாங்க. வெளிவளையம் இந்த வருஷம் பழசைக் கழட்டிட்டுப் புதுசா மாட்டுனது. பொறுப்பு கோதண்டம் அண்ணன். எதையும் கெழக்க பாத்துத் தொடங்குற மனுஷன், நம்பரையும் கெழக்குலேருந்தே போட்டுட்டாரு. ரெண்டும் ஒரே எடத்துல ஆரம்பிக்குதுன்னு கணக்குல எடுத்துக்கிட்டாங்க. கால் சுத்து வித்தியாசம். அதைச் சரி பண்ணா விடை தலைகீழா மாறும், திருமாறன் சொன்ன மாதிரியே.

கணக்கைச் சரிபாக்குற பூங்கோதை ஒத்துக்கல. தொறந்தது தொறந்ததுதான்னு சொன்னா.

"விடை உனக்குப் புடிச்சிருந்தா வயரைத் தடவியிருப்பியாடா?"



கோதண்டம் அண்ணன் திருமாறன் தோள்ல கை போட்டாரு. திருத்திருவோம், தொறக்கறதுக்கு முன்னாடியே பாத்துட்டோம்னு சொல்லிருவோம், கெழக்கை யாரும் குறை சொல்ல மாட்டாங்கன்னாரு.

திருத்துனா ஆசைக்குத் திருத்துனதாகும். திருத்தலைன்னா தெரிஞ்சே தப்பை அச்சுல ஏத்துனதாகும். இதுல யார் சொன்னது சரி? திருமாறன் என்ன செஞ்சிருக்கணும்?

ரெண்டு பேர் சொன்னதும் சரியில்ல. எப்பக் கண்டுபுடிச்சாலும் தப்பு தப்புதான். எப்பக் கண்டுபுடிச்சோம்னு மறைச்சா அது இன்னொரு தப்பு. தொறந்தப்புறம்தான் பாத்தேன்னு திருமாறன் எல்லாருக்கும் சொன்னான். திருத்தத்தைப் பூங்கோதை கையிலயே குடுத்து, முதல்ல பழைய துகள் மேல போட்டுப் பாருன்னான். அதோட விடை எல்லாருக்கும் தெரியும், அது மேல யாருக்கும் ஆசையும் இல்ல. அது சரியா வந்தா திருத்தம் நிக்கும், வரலைன்னா பட்டம் போகும். வராந்தாவுல மேலயும் கீழயும் நடந்துக்கிட்டிருந்தான். கதவு தொறந்துச்சு.

"டேய், பழசோட விடை வந்துருச்சு. உள்ள வா."

என்ன வந்துச்சுன்னு பூங்கோதை சொல்லல. அவனும் கேக்கல. கையில இருந்த குடிக்காத டீயைச் சன்னல்ல வெச்சிட்டு உள்ள போனான்.