ஹாமதுருவுக்குக் கொண்டு போன சோறு

"மூக்கு திறந்திருச்சுடா!" என்று லோகு கத்தினான்.

நாங்கள் மூன்று பேரும் அப்படியே நின்றுவிட்டோம். காலையில் கல் மாதிரி அடைத்துக் கிடந்த அவன் மூக்கு, அருவிச் சாரல் பட்டதும் பட்டென்று திறந்துகொண்டது. அவன் தலையில் சாப்பாட்டுக் கூடை.

"மணக்குதா?" என்று கேட்டேன்.

"மணக்குது. பூசணிக்காய் கறி. ரம்பை இலைகூட மணக்குதுடா."

"போச்சு," என்று போசு தலையில் கை வைத்து உட்கார்ந்தான்.

விஷயம் இதுதான். எங்கள் தோட்டத்துச் சந்தியில் கடை வைத்திருக்கிற சோமலதா அக்காவுக்கு, செத்துப்போன அவர் அம்மாவின் பேரில் அன்றைக்குத் தானம். மழைக்காட்டுக்குள் அருவிக்கு மேலே ஒரு குகை இருக்கிறது. அங்கே தனியாக இருக்கிற ஹாமதுருவுக்குச் சாப்பாடு போக வேண்டும். புத்த பிக்கு அவர். ஒரு நாளைக்கு ஒரே வேளைதான் சாப்பிடுவார், அதுவும் பகல் பன்னிரண்டுக்குள். தாண்டிவிட்டால் மறுநாள் காலை வரைக்கும் வெறும் தண்ணீர்.

அக்காவுக்குக் கால் சுளுக்கு. நாங்கள் நாலு பேரும் அவர் கடை வாங்குப் பலகையில்தான் நாள் முழுக்க உட்கார்ந்திருப்போம். ஓ.எல். பரீட்சை ரிசல்ட் வந்து நாலு மாதம் ஆகிறது. இதைவிட நல்லதாக வேறு ஒன்று வந்தாலும் வரும் என்று காத்திருந்தோம். அக்கா வேறு ஆள் கிடைக்காமல் எங்களைப் பிடித்தார். அருவியில் குளிக்கலாம், போட்டோ எடுக்கலாம் என்று நாங்களும் கிளம்பினோம்.

அக்கா எங்களைச் சிங்களத்தில் மல்லி, அதாவது தம்பி என்றுதான் கூப்பிடுவார். சொன்னது மூன்றே விஷயம். "மல்லி, தானச் சாப்பாட்டை யாரும் முதல்ல ருசி பார்க்கக் கூடாது, மோந்து பார்க்கவும் கூடாது. ஏறும்போது அருவி எப்பவும் உங்க வலது கைப் பக்கம் இருக்கணும், அப்போ வழி தப்பாது. அட்டை கடிச்சா இந்த உப்பைப் போடுங்க."

மோந்து பார்க்கக் கூடாது என்பதால்தான் சளி பிடித்த லோகு தலையில் மொத்தக் கூடையையும் ஏற்றினோம். நாங்கள் மூன்று பேரும் கையை வீசிக்கொண்டு தூரமாக வந்தோம். இது என்னுடைய யோசனை. யாரிடமும் சொல்லாதீர்கள்.

"அவன் மோந்து பார்க்கலையே, வாசம் தானாத்தானே வந்துச்சு?" என்றான் சீலன்.

"மூக்கு யாரோடது?" என்று போசு கேட்டான்.

"லோகுவோடது."

"அப்போ லோகுதான் பார்த்தான்."

லோகு பாவமாகச் சொன்னான்: "நான் வேணும்னா மேல போற வரைக்கும் மூச்சு விடாம வர்றேன்டா."

பார்க்கலாம் என்று விட்டோம். அடுத்த பாறை வரைக்கும் நன்றாகத்தான் போனான். அங்கே கூடையை இறக்கிவிட்டு, கண் சொருகிப் படுத்துவிட்டான்.

கடைசியில் பக்கத்துச் செடியில் இலையைப் பறித்துச் சுருட்டி எல்லார் மூக்கிலும் அடைத்தோம். அது அரிக்கிற இலை. கொஞ்ச நேரத்தில் நாலு மூக்கும் தக்காளிப் பழம் மாதிரி வீங்கின. அதுவும் நல்லதாகப் போயிற்று. இலையைப் பிடுங்கி எறிந்த பிறகும் மூக்கு தானாகவே அடைத்துக்கொண்டது. இனி யார் வேண்டுமானாலும் கூடையைத் தூக்கலாம்.

அப்புறம் அட்டை வந்தது. சீலன் காலில் ஏறியதைத் தட்டிவிடப் போனேன்.

"இருடா! இன்னும் கடிக்கல," என்று உப்பைக் கையில் வைத்துக்கொண்டு தடுத்தான்.

"கடிக்கிற வரைக்கும் நிக்கணுமா?"

"கடிச்சாத்தான் உப்புப் போடச் சொன்னாங்க."

நின்றோம். அட்டை அவசரப்படவில்லை. முழங்கால் வரைக்கும் வந்து யோசித்தது. பிறகு காற்சட்டைக்குள் போனது.

"எங்க இருக்குடா?"

"சொல்ற இடத்துல இல்லடா," என்றான் சீலன். கொஞ்சம் பொறுத்து சந்தோஷமாகக் கத்தினான்: "கடிச்சிருச்சு! கடிச்சிருச்சு!"

நான் போனில் மணியைப் பார்த்தேன். பதினொன்று தாண்டியிருந்தது. எனக்குப் பதறியது. அந்த மனுசன் நேற்றுப் பகலில் இருந்து பட்டினி. எங்களை நம்பி உட்கார்ந்திருக்கிறார். எங்களை நம்பி இதுவரை யாருமே எதற்கும் உட்கார்ந்தது கிடையாது.

"ஓடுங்கடா!" என்றேன்.

ஓடியிருப்போம். ஆனால் பாதை மலையில் வளைந்து வளைந்து ஏறியது. முதல் வளைவு திரும்பியதும் அருவி இடது பக்கம் வந்துவிட்டது.

"வழி தப்பிட்டோம்," என்றான் போசு.

"பாதை ஒண்ணுதானடா இருக்கு?"

"பாதை ஒண்ணுதான். கை தப்பா இருக்கே."

சீலன்தான் வழி கண்டுபிடித்தான். அப்படியே திரும்பி நின்றான். அருவி வலது கைக்கு வந்தது. அப்படியே பின்பக்கமாக நடந்து ஏறினான். எங்களுக்குப் பெருமையாக இருந்தது. பிறகு ஒரு வளைவு முன்பக்கம், ஒரு வளைவு பின்பக்கம் என்று ஏறினோம். பின்பக்க வளைவில் போசு இரண்டு தடவை பள்ளத்தில் விழுந்தான். கூடை அப்போது என் தலையில் இருந்ததால் சாப்பாடு தப்பியது.

கடைசி வளைவு பின்பக்கமாக வந்து தொலைத்தது. குகை வாசலில் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்த விமலதாச மாமா முதலில் பார்த்தது எங்கள் முதுகைத்தான். ஹாமதுருவுக்கு உதவியாக இருக்கிறவர் அவர்.

"யாருடா அது? போறீங்களா, வர்றீங்களா?"

"வர்றோம் மாமா," என்றோம்.

திரும்பினோம். மூக்கைப் பார்த்தார். விசாரிக்க நேரம் இல்லை. பன்னிரண்டுக்குக் கால் மணிதான் இருந்தது.

"உள்ள ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஹாமதுரு மௌனத்துல இருக்கார். ஆளுக்கொரு சட்டியா எடுத்து அவர் பாத்திரத்துல பரிமாறுங்க. அவரா எடுத்துச் சாப்பிட மாட்டார். போதும்னா பாத்திரத்து மேல கையை வைப்பார்." பிறகு என்னைத் தனியாக இழுத்தார். "நீ கொஞ்சம் விவரமான பையன் மாதிரி இருக்கே. நீ சட்டி எடுக்காத. கையை மட்டும் பாரு. கை வந்ததும் இவனுங்ககிட்ட போதும்னு சொல்லு. நான் குடிக்கத் தண்ணி எடுத்துட்டு வர்றேன்."

விவரமான பையன் என்று என்னைச் சொன்ன முதல் ஆள் அவர். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனேன்.

குகை குளிர்ச்சியாக இருந்தது. ஹாமதுரு கண்ணைத் தாழ்த்தி, பாத்திரத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனுசன். லோகு சோறு போட்டான். சீலன் பருப்பு ஊற்றினான். போசு பூசணிக்காய் வைத்தான். மூன்று பேருக்கும் திடீரென்று பக்தி வந்துவிட்டது, கண்ணை மூடிக்கொண்டார்கள்.

இரண்டாவது சுற்றில் ஹாமதுரு மெதுவாகக் கையை எடுத்துப் பாத்திரத்தின் மேல் வைத்தார்.

நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை பேசக் கூடாதே என்று மூடினேன். பேசக் கூடாது என்றதும் அந்த மாமாதான், சொல்லு என்றதும் அந்த மாமாதான். எதைக் கேட்பது? நான் யோசித்து முடிப்பதற்குள் கை மேல் ஒரு கரண்டி சோறு விழுந்தது. அதன் மேல் பருப்பு. அதன் மேல் பூசணிக்காய். ஹாமதுரு கையை அசைக்கவில்லை. என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். கை மணிக்கட்டு வரைக்கும் மறைந்தது.

அவர் குகைச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார். கை எப்படியும் சோற்றுக்குள்தான் இருந்தது. அப்படியே பிசைந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது. சிரித்தாரா அழுதாரா தெரியாது.

யாரோ என் காதைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். விமலதாச மாமா.

"உன்னை என்னடா சொல்லச் சொன்னேன்?"

"போதும்னு சொல்லச் சொன்னீங்க."

"சொன்னியா?"

உள்ளே எட்டிப் பார்த்தேன். ஹாமதுரு குனிந்து வேகவேகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். லோகு கண்ணை மூடியபடி சட்டியின் அடியைச் சுரண்டிப் போட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னும் இல்ல மாமா," என்றேன்.