மஞ்சள் பூத்த மேடு

பொன்னுரங்கம் மலையேறி மடத்துக்கு வந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட தவமணி அம்மாவுக்கு முப்பத்தெட்டு.

அதற்கு முன்பு கீழே சமவெளியில் முப்பது வருஷம் நாற்றங்கால் வைத்திருந்தார் பொன்னுரங்கம். அவர் கை பட்டால் மண்வெட்டிக் காம்பும் துளிர்க்கும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அந்தக் கேலியில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மடத்துக்குப் பின்னால் மேடு முழுக்க வெறும் புல். பார்த்ததுமே அவருக்குக் கை துறுதுறுத்தது.

"இம்புட்டு எடம் சும்மா கெடக்கேம்மா. மரம் வைக்கட்டுமா?"

"வையுங்கய்யா," என்றார் அம்மா.

மலையில் விறகுக்கு வளர்க்கும் சீகை மரத்தின் கன்றுகளை வைத்தார். மூன்றே வருஷத்தில் அவை தலைக்கு மேல் போய்விட்டன. பூக்கும் காலம் வந்தால் மேடே மஞ்சளாக இருக்கும். மடத்துக்கு வருகிறவர்கள், "இவரு வச்சதுதான் அத்தனையும்," என்று அவரைக் காட்டிச் சொல்வார்கள். அவர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வார். காது மட்டும் அந்தப் பக்கமே இருக்கும்.

பன்னிரண்டாம் வருஷக் கோடையில், மேட்டின் அடியில் இருந்த ஊற்று நூலாக இளைத்துப் போனது. கீழே இருந்த குடியிருப்புக்கு அது ஒன்றுதான் தண்ணீர். விடியும் முன்பே குடங்கள் வரிசையில் நின்றன. ஒரு குடம் நிறைவதற்குள் உலையில் அரிசி வெந்துவிடும்.

வரிசையில் மாதி நின்றிருந்தாள். அறுபதைத் தாண்டியவள். சின்ன வயதிலிருந்தே இந்த மலையில் எருமை மேய்த்தவள்.

"எங்கப்பன் காலத்துல இந்த மேடு பூராப் புல்லு," என்றாள் பொன்னுரங்கத்திடம். "பேஞ்ச மழையை உள்ள வாங்கி வச்சுக்கிட்டு, கோடையில கொஞ்சம் கொஞ்சமா விடும். இப்ப உங்க மரமில்ல அத்தனையும் குடிக்குது, சாமி."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மூட்டையைக் கட்டிக்கொண்டு நேரே அம்மாவிடம் போய் நின்றார்.

"நான் கீழ எறங்கிடறேம்மா. ஊரு வாயில மண்ணைப் போட்டுட்டேன்."

"போறதுன்னா போங்க. மரமும் உங்க கூட வருதா?"

அவர் மூட்டையைக் கீழே வைத்தார்.

அம்மா உள்ளே போய் ஒரு கோடாலி கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். தனக்கு ஒரு அரிவாளை எடுத்துக்கொண்டார்.

முதல் மரத்தில் கோடாலி இறங்கியபோது பொன்னுரங்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது. பத்தாவது மரத்துக்கு மேல் அழவும் தெம்பில்லை. மழை பெய்ததும், வெட்டிய இடத்தில் எல்லாம் சீகை கீரைப் பாத்தி போல முளைத்து நின்றது.

"ஒண்ணை வெட்டினா நூறு வருதேம்மா."

"நல்ல ராசியான கைதான்யா உங்களுக்கு," என்று சொல்லிவிட்டு அம்மா குனிந்து பிடுங்க ஆரம்பித்தார்.

ஈரம் காய்வதற்குள் இரண்டு பேரும் பிடுங்கினார்கள். அடுத்த மழைக்கு மறுபடி முளைத்தது, மறுபடி பிடுங்கினார்கள். பாறை இடுக்குகளில் பழைய புல் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அதைத் தூர் பிரித்துக் கொண்டுவந்து, வெறும் மண்ணில் சாண் இடைவெளி விட்டு நட்டார்கள்.

இடுப்பு வலியைப் பொன்னுரங்கம் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது வேறு. குரு என்றால் எல்லாம் தெரிந்தவர்தானே? தெரிந்துகொண்டே எதற்காக 'வையுங்கய்யா' என்றார்? என்னைச் சோதிக்க ஊரை ஏன் காயப்போட வேண்டும்? கேட்க வாய் வரவில்லை. மனசுக்குள் அம்மா மேல் வருத்தம் வளர்ந்துகொண்டே போனது.

வெட்டத் தொடங்கிய நான்காம் வருஷம், மேட்டின் மடிப்பில் இருந்த பள்ளத்தில் மட்டும் ஒரு கொத்து மரம் பாக்கி. அவர் கோடாலியை ஓங்கினார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

மரங்களின் அடியில், நிழலில், முழங்கால் உயரத்துக்குக் கன்றுகள் நின்றன. பளபளத்த இலை, சிவந்த கொழுந்து. நாற்றங்காலிலேயே தலை நரைத்தவருக்கு அவற்றின் பெயர் தெரியவில்லை.

"இதென்ன கன்னும்மா?"

"மரம் மேல விழுந்தா நசுங்கிடும். இது மட்டும் நிக்கட்டும்யா."

இதுவும் தெரிந்திருக்கிறது, வாயைத் திறந்து சொன்னால்தான் என்ன, என்று நினைத்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த கோடையில் ஊற்று நிற்கவில்லை. பங்குனியிலும் ஓடியது. சித்திரையிலும் ஓடியது. ஊற்றடியில் வரிசை இல்லை. வந்தவர்கள் குடத்தை முக்கி எடுத்துக்கொண்டு பேசியபடி போனார்கள். அதைப் பார்த்துக்கொண்டு பொன்னுரங்கம் காலை முழுக்க ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். வெகுநாளைக்குப் பிறகு அவருக்குப் பசித்தது.

நிறைந்த குடத்தோடு மாதி பள்ளத்துப் பக்கம் வந்தாள். கன்றுகளைக் கண்டதும் குடத்தை இறக்கி வைத்தாள்.

"இது சோலை மரமாச்சே, சாமி. முன்ன இந்தப் பள்ளத்துல சோலைக்காடு இருந்துச்சு. எங்கப்பன் காட்டியிருக்கான். வெட்டவெளியில இது வராது. தலைக்கு மேல நெழல் வேணும்."

"எங்க சீகை நெழல்லயா வந்துச்சு?"

"வேற நெழல் ஏது இங்க?"

அவள் போன பிறகு பொன்னுரங்கம், சீகை முளை பிடுங்கிக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இனிமேல் கேட்டுவிடலாம் என்றிருந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமாம்மா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"புல்லுல மரம் ஆகாதுன்னு அன்னைக்கே உங்களுக்குத் தெரியும். அப்புறம் ஏன் வையுங்கன்னீங்க?"

அம்மா பிடுங்கிய நாற்றைக் கீழே போட்டுவிட்டு அவரைப் பார்த்தார்.

"எனக்கு எங்கய்யா தெரிஞ்சுது? அந்த மஞ்சப் பூவைப் பாத்து உங்களைவிட நாந்தான் பூரிச்சுக் கெடந்தேன்."

 பொன்னுரங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷ மனத்தாங்கல் போன இடம் தெரியவில்லை.

"சரி, இந்தக் கன்னு? சோலை மரம்னு தெரிஞ்சுதானே என் கையைப் புடிச்சீங்க?"

"இல்லய்யா. என்னன்னே தெரியல. அதனாலதான் புடிச்சேன்."